சலவை அறைச் சாவி

அந்த மதிய விருந்துக்கு வந்திருந்தவர்கள்: கல்லூரித் தலைவரும் அவர் மனைவியும், பன்றிப் பண்ணைகளில் பணம் சேர்த்து, மல்யுத்தக் கூடத்துக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுத்த அண்ணன் தம்பி இருவர், ஊர்ப் பாதிரியார், உள்ளூர் வானொலியில் போட்டிகளை வர்ணிக்கும் கிழவர், பழைய வீரர்கள் நாற்பது பேருக்கு மேல், எல்லோரும் காது நசுங்கி, கழுத்து தடித்து, தொப்பை விழுந்தவர்கள், ஒருத்தி குறைய இந்த வருஷத்துப் பெண்கள் மல்யுத்த அணி; நடு மேசையில், கழுத்தில் விசிலோடு, பயிற்சியாளர் மெர்ல் டீக்மன். கடைசி மேசையில், கழிவறைக் கதவை ஒட்டி, லைல் புருன்ஸ்.

அந்தக் குறைந்த ஒருத்தி லைலின் மகள் கென்னா.

லைல் தூங்காமல் வந்திருந்தான். இரவு முழுக்கப் பன்றி வெட்டும் ஆலையில் தரை கழுவுகிற வேலை. வெந்நீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தையும் கொழுப்பையும் சாக்கடை வாய்க்குத் தள்ள வேண்டும். காலையில் இரண்டு தடவை குளித்தும் நகத்தடியில் அந்த வாடை இருந்தது. அவன் தட்டில் பன்றிக்கறி உருண்டைகளை இனிப்புக் குழம்பில் புரட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் பச்சை ஜெல்லி ஆடிக்கொண்டிருந்தது. அவன் முள்கரண்டியைத் தொடவில்லை.

தொடாதவர்கள் இன்னும் இருந்தார்கள். தலைமை மேசையில் அணிப் பெண்கள் ஒன்பது பேர் வெற்றுத் தட்டுகளின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் போட்டி, அதற்கு முன்னால் எடை பார்க்க வேண்டும், அவரவர் பிரிவுக்கான எடைக்குக் கொஞ்சம் மேலே போனாலும் ஆட விடமாட்டார்கள். அதுவரை ஒரு வாய் தண்ணீர் கிடையாது. விருந்தாளிகள் அவர்கள் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாய் கறி மென்றுகொண்டிருக்க, பக்கத்து வாய் உதடு வெடித்துச் சிரித்தது. யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. இந்த ஊரில் அப்படித்தான்.

"டேய் லைல், உன் பொண்ணைக் காணோமே," என்றான் எதிரில் இருந்த ஹார்லன். ஒரு காலத்தில் அவனும் லைலும் ஒரே அறையில் தங்கியவர்கள். "அவளும் பாதியிலயே ஓடிட்டாளா?"

மேசை சிரித்தது. மூன்றாம் வருஷத்தில் படிப்பையும் அணியையும் விட்டுப் போனவன் என்பதுதான் இவர்களுக்கு லைல். அந்த வருஷம் அணி கோப்பை வாங்கியது. அந்த வெற்றிக்குக் கொடுத்த மோதிரம் எல்லோர் விரலிலும் இருந்தது. லைலுக்கு மோதிரம் இல்லை, ஒரு சிறுநீரகமும் சரியாக இல்லை.

கல்லூரித் தலைவர் எழுந்து டீக்மனின் பெருமையைச் சொன்னார். எத்தனை கோப்பை, எத்தனை சாம்பியன்கள், ஆண்கள் அணியை விட்டு ஓய்வு பெறலாம் என்ற வயதில் பெண்கள் அணியைத் தொடங்கி அதையும் மேலே கொண்டுவந்தது, இனி அந்தக் கூடத்துக்கே டீக்மன் கூடம் என்று பெயர். டீக்மன் பதிலுக்கு அதிகம் பேசவில்லை. "நான் யாரையும் ஜெயிக்க வைக்கலை. நான் கதவை மட்டும்தான் காட்டினேன். அவங்களாத்தான் உள்ள போனாங்க," என்றார். கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லைலுக்கு வாயில் புளித்தது.

பிறகு டீக்மன் மேசை மேசையாக வந்தார். பழைய வீரன் ஒவ்வொருவனின் பிடரியையும் பிடித்து ஓர் அழுத்து அழுத்துவார், சந்தையில் கன்றுக்குட்டியைப் பார்ப்பதுபோல. லைல் இதற்காகவே கழுத்தை விறைத்து வைத்திருந்தான். கை பட்டதும் கழுத்து தானாகக் குனிந்தது.

"என்னடா மகனே, இளைச்சுப் போயிட்ட."

"கென்னா எங்க, கோச்?"

"சின்ன சளிடா. படுத்திருக்கா. சாயங்காலம் பாரு, புலி மாதிரி வந்து நிப்பா."

டீக்மன் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். லைல் அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் ஆஸ்பத்திரியில் குழாய் செருகிக் கிடந்தபோது ஊர்ப் பத்திரிகையில் வந்த செய்தியும் இதுதான்: புருன்ஸ் சளிக்காய்ச்சலால் ஆடவில்லை. டீக்மன் சொல்லி எழுதியது.

அவன் எழுந்தான். வாசலில் விருந்தாளிகளுக்காக ஒரு கிண்ணம் நிறையப் புளிப்பு மிட்டாய் வைத்திருந்தார்கள், ஒவ்வொரு காகிதத்திலும் டீக்மனின் முகம். போகிற போக்கில் ஒரு கை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஏன் எடுத்தான் என்று அப்போது அவனுக்கே தெரியாது.

அந்தக் கூடத்தின் நிலவறைப் படியில் பாதியிலேயே அந்த வாடை வந்துவிட்டது. மல்யுத்த மெத்தையில் ஊற்றும் வெளுப்புத் திரவம், அதற்கடியில் படர்தாமரை மருந்து, அதற்கடியில் ஊறிப்போன வியர்வை. இருபது வருஷத்தில் அது கொஞ்சமும் மாறவில்லை. இன்னும் இறங்கியதும் சத்தம் கேட்டது, துணி இல்லாமல் சும்மா சுற்றும் எந்திரத்தின் கடகடப்பு.

வேறு கல்லூரிகளில் எடை குறைக்கப் போய்ப் பையன்கள் செத்து, வெப்ப அறைகளுக்குத் தடை வந்த வருஷம், டீக்மன் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு வைத்துக் கூடத்தின் நீராவி அறையைத் தன் கையாலேயே உடைத்தார். சலவை அறையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அங்கே துணி உலர்த்தும் எந்திரங்கள் இரண்டு. பின்பக்கக் குழாயைக் கழற்றிவிட்டால் சூடான காற்று முழுக்க அறைக்குள்ளேயே வரும். சூட்டில் கதவு மரம் உப்பி, சும்மா சாத்தினால் நிற்காது. வெளியிலிருந்து பூட்ட வேண்டும்.

அந்தக் கதவுக்கு முன்னால், மடக்கு நாற்காலியில், மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தான் ரஸ்டி ஸ்லூட், துணைப் பயிற்சியாளன். அவனும் லைல் காலத்து ஆள்தான். வாயோரம் குழம்பு வழிந்திருந்தது.

"மேல கேக் வெட்டியாச்சா?" என்றான்.

"கதவைத் தொற."

"எதுக்குடா? நல்லாத்தான் இருக்கா. அப்பப்ப தட்டிக் கேக்கறேன், பதில் சொல்றா."

"இதுக்குள்ள நான் விழுந்தப்பயும் நீதான்டா இந்த நாற்காலியில இருந்த."

ஸ்லூட் மெல்வதை நிறுத்தினான். முகத்தில் வெட்கம் வருமென்று லைல் பார்த்தான். வந்தது அலுப்புத்தான். "இருபது வருஷமா இதையே சொல்லிட்டிரு. பூட்டுலயே சாவி இருக்கு, தொறந்துக்க. அவ வெளிய வந்துட்டா கூட்டிட்டுப் போ, நான் தடுக்கலை. எனக்குப் படம் எடுக்கப் போகணும்." தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, பாண்ட்டில் கையைத் துடைத்தபடி படியேறிப் போனான்.

லைல் கதவைத் திறந்தான். சூடு முகத்தில் அடித்தது. ஒற்றை பல்புக்கடியில் கென்னா உடற்பயிற்சி சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தாள். கறுப்புக் குப்பைப் பைகளில் ஓட்டை போட்டு மாட்டி, மேலே இரண்டு கம்பளிச் சட்டை. கைப்பிடியில் ஒரு பாட்டில், எடை குறையத் துப்பித் துப்பி, பாதி எச்சில். உதடு மாவு பூசியதுபோல இருந்தது. வயது பத்தொன்பது. அந்த வெளிச்சத்தில் அவள் தாயைவிட மூத்தவளாகத் தெரிந்தாள்.

"கதவைச் சாத்துப்பா. சூடு போகுது."

"எறங்கு. வீட்டுக்குப் போலாம்."

"எவ்வளவு இருக்குன்னு பாக்கணும். தள்ளு."

அவள் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடைவழிக்கு வந்தாள். எடை எந்திரம் அங்கேதான் இருந்தது. பைகளையும் கம்பளியையும் கழற்றி எறிந்துவிட்டு ஏறி நின்றாள், கண்ணை மூடிக்கொண்டு. கழற்றிய பையிலிருந்து வியர்வை ஒழுகித் தரையில் ஓடியது.

"என்ன காட்டுது?"

லைல் பார்த்தான். "இன்னும் ஒரு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல குறையணும்."

அவள் அழவில்லை. அழ அவளிடம் தண்ணீர் இல்லை. எந்திரத்தின் மேலேயே குந்தி உட்கார்ந்தாள். "இந்த எடைப் பிரிவுக்கு எறங்கினா தேசியப் போட்டிக்கு நான்தான்னு கோச் சொன்னாரு. இன்னிக்கித் தவறினா என் எடம் அடுத்து நிக்கற மேகிக்குப் போயிரும். இப்ப மேல விருந்துல உக்காந்து என் காலி நாற்காலியைப் பாத்துட்டே இருப்பா."

"போகட்டும்."

"உனக்கென்ன, சுலபமா சொல்லுவ."

"கென்னா, இங்க பாரு. நான் இந்த ரூம்லதான் விழுந்தேன். ஒண்ணுக்குக் காப்பித்தண்ணி மாதிரி போச்சு. உங்கம்மாவைக் கேளு. இப்பவும் மருந்தை நிறுத்தினா எனக்கு ஒரு மாசத்துல கால் வீங்கிரும். உங்க கோச் ஒரு தடவை வந்து பாக்கலை."

"தெரியும்பா. சின்ன வயசுலேந்து கேக்கறேன்." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "அணியில என்னை என்னன்னு கூப்பிடறாங்க தெரியுமா? பாதி புருன்ஸ். உன்னால. நீ இன்னும் ஒரு பத்து நிமிஷம் நின்னிருந்தா எடை வந்திருக்கும்னு ஸ்லூட் சொல்றான். நெசமா?"

அது நிஜம். இருபது வருஷமாக, தரை கழுவும்போது, வெந்நீர் ஆவி முகத்தில் ஏறும்போதெல்லாம், அந்தப் பத்து நிமிஷத்தை அவன் நின்று முடித்துக்கொண்டுதான் இருந்தான். யாரிடமும் சொன்னதில்லை. அப்படி நினைப்பதே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைத்தான்.

அவன் கண் அவள் கையில் பட்டது. தோலின் மேல் வியர்வை மொட்டு மொட்டாக நின்றது, வடியாமல்.

"மேலயே நிக்குது பாரு," என்றான். "இப்படி நின்னா அடுத்தது வெளிய வராது. வழிக்கலையா நீ?"

"எதால?"

ஆலையின் அடையாள அட்டை அவன் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து, ஓரத்தால், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே இழுப்பாக இழுத்தான். தண்ணீர் கோடாக வழிந்து தரையில் சொட்டியது. மறு கையையும் இழுத்தான். அட்டை வழியாக அவள் எலும்பு தட்டுப்பட்டது. அவன் செய்வது என்னவென்று அவனுக்குத் தெரிந்தே இருந்தது. கை நிற்கவில்லை. ஒரு பவுண்டு மிச்சமிருக்கும் ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தரவில்லை.

"வேகமா மிதிக்காத. மெதுவா, நிறுத்தாம. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வழி." மிட்டாயைப் பிரித்தான். காகிதத்தில் டீக்மன் சிரித்துக்கொண்டிருந்தார். "இதை நாக்குக்கடியில வை. விழுங்கிராத. ஊறுறதைத் துப்பு."

அவள் வாயைத் திறந்தாள், குருவிக்குஞ்சுபோல. நாக்கு வெள்ளை படிந்து, வாய் நாறியது. அவன் மிட்டாயை வைத்தான். மீதியை அட்டையோடு சேர்த்து அவள் கையில் திணித்தான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது. அவளை ஆலைக்கு அழைத்துப்போய் வெட்டுமேடையைக் காட்டியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு குமட்டியிருக்காது.

மேலே கதவு திறந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. படியில் காலடிகள், நிறைய. கல்லூரித் தலைவரின் குரல் முன்னால் வந்தது. "எல்லாம் ஆரம்பிச்ச இடம் இதுதான், வாங்க, பாத்து எறங்குங்க. மெர்ல், நீங்களே காட்டுங்களேன்."

டீக்மன் ஏதோ தயங்குவது கேட்டது. கீழே ஒண்ணுமில்லை, பழைய சாமான்தான், என்றார். கூரை போட்டுக் கொடுத்த பண்ணைக்காரர்களில் ஒருவர், "சும்மா காட்டுங்க கோச், மிச்சம் மீதி கோப்பையை எல்லாம் இங்கதான் ஒளிச்சு வச்சிருப்பீங்க," என்று சிரித்தார். காலடிகள் நிற்கவில்லை.

லைல் ஒன்றும் செய்யத் தேவையில்லை. அப்படியே நின்றால் போதும். கதவு திறந்து கிடக்கிறது, எந்திரங்கள் ஓடுகின்றன, தரையில் குப்பைப் பைகள், எச்சில் பாட்டிலோடு ஒரு பெண். தலைவர் பார்ப்பார், பாதிரியார் பார்ப்பார், வானொலிக் கிழவர் பார்ப்பார். இருபது வருஷமாக அவன் சொல்லி யாரும் காதில் போட்டுக்கொள்ளாதது, இன்னும் ஒரு திருப்பம் இறங்கினால் அவர்கள் மூக்கிலேயே ஏறும். டீக்மன் கூடம் என்ற பெயர்ப்பலகை சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும்.

கென்னா பைகளை வாரிக்கொண்டு உள்ளே போய்விட்டிருந்தாள். சைக்கிளில் ஏறிக் கைப்பிடியைப் பிடித்தாள். கன்னம் மிட்டாயில் புடைத்திருந்தது.

"அப்பா," என்றாள். "கதவு."

படித் திருப்பத்தில் டீக்மனின் விசில் சுவரில் உரசும் சத்தம் கேட்டது.

உப்பிய மரத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி, தோளால் ஒரு முட்டு முட்டி, அப்புறம்தான் சாவியைத் திருப்ப வேண்டும். கை மறந்திருக்கவில்லை. லைல் கதவைத் தூக்கினான், முட்டினான், மகளை உள்ளே வைத்துப் பூட்டினான்.