கோழிப் பட்டை

என் கணவருக்கு நாற்பத்து மூன்றாவது வயதில் வேகம் வந்தது. சிலருக்கு அந்த வயதில் சர்க்கரை வரும், சிலருக்குக் கழுத்து வலி வரும். இவருக்கு வந்தது, வண்டியின் மேல் கவிழ்ந்து படுத்தபடி ஓட்ட வேண்டிய ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக். சர்க்கரையாக இருந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும்.

அவர் வேலை கட்டடங்களில் லிஃப்ட் பரிசோதிப்பது. கம்பிக்கயிறு தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவார். தேய்ந்த பிரேக் கட்டைக்குச் சாயம் பூசிப் புதிது என்று காட்டிய ஒரு கட்டட மேலாளரை அரை மணி நேரம் நிற்கவைத்துக் கேள்வி கேட்ட கதையை எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எல்லாரும் ஆளுக்கு இரண்டு முறையாவது கேட்டிருக்கிறார்கள். நான் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். மோட்டார் சைக்கிள் எனக்கு அதன் விளைவுகள் வழியாகத்தான் பழக்கம்: காறை எலும்பு, மணிக்கட்டு, முழங்கால்.

பைக் வந்த மாதமே அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் சேர்ந்தார். தலைவர் ஒரு பல் டாக்டர். குழுவில் அவருக்குப் பெயர் கேப்டன். எந்தக் கப்பலுக்கு என்று நான் கேட்கவில்லை. ஞாயிறு காலை ஆறரைக்கு ஒரு காபிக் கடை வாசலில் கூடி, மலைப்பாதையின் வளைவுகளில் ஏறி இறங்கி, அதே கடைக்குத் திரும்பி வந்து, இரண்டு மணி நேரம் ஓட்டியதைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுவார்கள்.

முதல் ஞாயிறு அவர் முகம் தொங்கிப்போய்த் திரும்பினார். அந்தக் குழுவில் மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லையாம், பின் டயரைத்தான் பார்ப்பார்களாம். வளைவில் வண்டியை நன்றாகச் சாய்த்து ஓட்டுகிறவரின் டயர் ஓரம் வரை தேய்ந்திருக்கும். பயந்து பயந்து ஓட்டுகிறவரின் டயரில் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, இரண்டு ஓரங்களிலும் புது ரப்பர் அப்படியே மின்னும். அந்த மின்னும் பாகத்துக்குக் குழுவில் கோழிப் பட்டை என்று பெயர்; இங்கிலீஷில் பயந்தாங்கொள்ளியைக் கோழி என்பார்களாம். கேப்டன் இவர் வண்டிக்குப் பின்னால் குனிந்து, இரண்டு விரலை வைத்து அகலம் பார்த்து, "பெரிய கோழியா இருக்கே" என்றாராம்.

அந்த டயர் மாட்டி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மாட்டிய கடைக்காரர் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்: புது டயரின் மேல்தோல் வழுக்கும், முதல் நூறு கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பழகுங்கள் என்று. இவர் அறிவுரையின் முதல் பாதியை வேதமாக எடுத்துக்கொண்டார். நானூறு கிலோமீட்டர் ஆகியும் வண்டி செங்குத்தாகவே போய்க்கொண்டிருந்தது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மதியம் துணி காயப்போட பால்கனிக்குப் போனேன். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, பின் சக்கரத்தை ஒரு கையால் மெல்லச் சுற்றிக்கொண்டு, மறு கையில் உப்புத்தாள் வைத்து டயரின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வீட்டு ஜன்னல் கம்பியில் துரு ஏறி இரண்டு வருஷமாகிறது, அதற்கு அவருக்கு நேரம் கிடைத்ததில்லை. டயருக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது. கண்ணைச் சுருக்கி, தள்ளி நின்று பார்த்து, மறுபடி தேய்த்தார். மேலே வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பராமரிப்பு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை குழு வாயடைத்துப் போனது. ஒரே வாரத்தில் ஓரம் வரை தேய்த்திருக்கிறாரே என்று கேப்டனே இவரை முன்னால் போகச் சொல்லிவிட்டார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று குழுவுக்குப் புதிதாக ஒரு கணக்கு டீச்சர் வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். வண்டி வாங்கிய பத்து மாதத்தில் ஒருமுறையும் விழாதவர், ஆனால் தனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர். கேப்டன் அவரிடம் என் கணவரைக் காட்டி, இவர் பின்னாலேயே போங்கள், இவர் எங்கே சாய்கிறாரோ அங்கே சாயுங்கள், டயரைப் பாருங்கள் தெரியும் என்று சொல்லியிருக்கிறார்.

முதல் நான்கு வளைவுகள் அகலமானவை, அவற்றில் எருமை மாடு கூட ஸ்டைலாகத் திரும்பும். ஐந்தாவது, போகப் போக இறுகும் இடப்பக்க வளைவு. அதில் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், பாதை முடிகிற பக்கம் கண்ணை வைக்க வேண்டும், வண்டி தானாகச் சாயும். பின்னால் ஒருவர் தன்னையே பார்த்துக்கொண்டு வருகிறார் என்ற பெருமையில் இவர் வேகத்தைக் குறைக்கவில்லை. உள்ளே போன பிறகுதான் பயம் வந்திருக்கிறது. கண், எதிரே இருந்த தடுப்புச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. கண் போன இடத்துக்கு வண்டி போகும். நிமிர்ந்தார், பிரேக்கை அழுத்தினார், எதிர்ப்புறத் தடத்தைக் கடந்து, சுவரோரம் குவிந்திருந்த ஜல்லியில் இறங்கி விழுந்தார். எதிரே வண்டி எதுவும் வராதது அவருடைய திறமையில் சேராது.

கணக்கு டீச்சர் அதே வேகத்தில் அதே வளைவுக்குள் நுழைந்தவர். முன்னால் போனவர் மறைந்ததும் வேறு வழியில்லாமல் பாதையைப் பார்த்தார், சாய்ந்தார், போய்ச் சேர்ந்தார்.

இடது காறை எலும்பு. ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஆறு வாரம் கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் போடச் சொன்னார்கள். அன்று மாலை முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அது கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுததை நானும் சொல்லவில்லை.

நொறுங்கிய வண்டியை டயர்க் கடைக்காரர்தான் ஏற்றி வந்து இறக்கினார். பின் டயரின் ஓரத்தை விரலால் தடவினார். வரி வரியாக நார் எழும்பியிருந்ததைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். என் முன்னால் எதுவும் கேட்காத நாகரிகம் அவருக்கு இருந்தது. என் கணவரோ, டயர் வழுக்கிவிட்டது, பிடிமானம் போதவில்லை என்று ஆரம்பித்தார்.

"டயர் கைவிடல சார்," என்றார் அவர். "அதுல இன்னும் பாதிக்கு மேல சாயலாம். நீங்கதான் பயந்து அத நிமித்திட்டீங்க."

இதற்குள் குழுவில் வேறொரு கதை உருவாகிவிட்டிருந்தது. பின்னால் வந்த புது ஆளுக்கு நல்ல பாதையை விட்டுக்கொடுப்பதற்காக இவர் வேண்டுமென்றே வெளியே விலகினார் என்று கேப்டன் வாட்ஸ்அப்பில் எழுதினார். தியாகம் என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. அறுபது பேர் கைகூப்பினார்கள். என் கணவர் அதை ஒற்றைக் கையால் திறந்து திறந்து படித்தார். மறுக்கவில்லை. அடக்கம் என்று அதற்கும் பாராட்டு வந்தது.

பத்தாம் நாள் கணக்கு டீச்சர் ஆரஞ்சுப் பழங்களோடு வீட்டுக்கு வந்தார். என் கணவர் சோபாவில் தலையணைகளுக்கு நடுவே மன்னர் மாதிரி சாய்ந்திருந்தார். டீச்சர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, உங்களால்தான் உயிரோடு இருக்கிறேன் என்றார். இவர் பெரிய மனதோடு கையை அசைத்தார். நான் சமையலறையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒரே ஒரு விஷயம் சொல்லிக் குடுங்க சார்," என்றார் டீச்சர். "என் டயர்ல இன்னும் ஒரு விரல் அகலம் மிச்சம் இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை எப்படியாவது ஓரம் வரைக்கும் சாச்சிரணும்னு இருக்கேன். நீங்க ஒரே வாரத்துல எப்படி பண்ணீங்க?"

நான் எட்டிப் பார்த்தேன். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. எத்தனையோ லிஃப்டுக்குள் நின்று எத்தனையோ பேரை முறைத்த மனிதர், தன் தொட்டிலில் கிடந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்புத்தாள்," என்றார்.

டீச்சருக்குப் புரியவில்லை. என் கணவர் மறுபடியும், இந்த முறை முழுதாகச் சொன்னார். சனிக்கிழமை மதியம் கீழே உட்கார்ந்து தேய்த்தேன், அந்த வண்டி ஒரு நாளும் சாய்ந்ததில்லை, உங்களுக்கு வழி விடவில்லை, பயத்தில் நேராகப் போய் விழுந்தேன். குரல் ஒரு இடத்தில் உடைந்தது. இருபது வருஷத்தில் அவர் எதையும் பூசி மெழுகாமல் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

டீச்சர் ஆரஞ்சுப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"நான் உங்க டயரப் பாத்துத்தான் சார் உங்க பின்னாடி வந்தேன்," என்றார். "நாளைக்கு வகுப்புல இருபத்தெட்டு பிள்ளைங்க எனக்காக உக்காந்திருக்கும்."

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. என் கணவர் மன்னிப்புக் கேட்டார். டீச்சர் எழுந்தார். பழங்களை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று ராத்திரியே என் கணவர் உண்மையைக் குழுவில் எழுதிப் போட்டார். கேலி வெள்ளமாக வரும் என்று எதிர்பார்த்தோம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் கேப்டன் போன் செய்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. இதையெல்லாம் ஏன் வெளியே சொல்கிறீர்கள், இனிமேல் ஆளாளுக்கு அடுத்தவன் டயரைத் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று ரொம்பவும் வருத்தப்பட்டார். அந்த ஞாயிறு சவாரி மழை காரணமாக ரத்தானது. வானம் துடைத்துவிட்டது போல இருந்தது.

மூன்று மாதம் கழித்து, பழைய விமான ஓடுதளம் ஒன்றில் நடந்த ஒருநாள் பயிற்சிக்கு டீச்சர் பெயர் கொடுத்தார். இவரையும் வரச் சொல்லி ஒரே வரியில் செய்தி அனுப்பினார். அது மன்னிப்பா, வீட்டுப்பாடமா என்று இவருக்குத் தெரியவில்லை, போனார். நானும் கூடப் போனேன், கையில் முதலுதவிப் பெட்டியோடு. பயிற்சியாளர் முதலில் எல்லாரையும் வளைவில் நடக்கவிட்டார், கண்ணை வளைவின் முடிவில் வைத்துக்கொண்டு. பிறகு மெதுவான வேகத்தில் டயரைச் சூடேற்றிக்கொண்டு ஓட்டவைத்தார். பதினோராவது சுற்றில் என் கணவர் முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் அழகாகச் சாய்ந்து திரும்பினார். சைக்கிளில் அதைவிட வேகமாகப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஹெல்மெட்டைக் கழற்றியபோது அந்த முகத்தைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. டீச்சர் அவரை ஏழு முறை முந்தினார், ஒவ்வொரு முறையும் கை காட்டினார்.

இப்போது அவருடைய இடது கை நூற்று அறுபது டிகிரி வரை உயர்கிறது. மிச்சம் இருபதுக்குத் தினமும் சுவரில் விரல்களை ஏற்றிப் பழக வேண்டும், காலையில் பத்து, மாலையில் பத்து. எண்ணிக்கையைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் அவரே குறிக்கிறார். ஒரு நாள் விடாமல் பத்து, பத்து, பத்து என்று இருக்கிறது. நான் டியூட்டியில் இருந்த, பார்க்க ஆளில்லாத நாட்களிலும் அப்படியே; அந்தப் பத்துகளை மட்டும் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.