ஆணி இல்லாமல் மாட்டுகிறவள்

தை மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபதுக்கு, மலேசியாவின் கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தில், குமுதா கையிலிருந்து விட்ட கேமரா கீழே விழவில்லை. மார்பு உயரத்தில், விட்ட இடத்தில், விட்ட சாய்வில் அப்படியே நின்றது. தாலி கட்டும் நேரம். நீள லென்ஸ் போட்ட கேமராவைக் கீழே வைக்க இடமில்லை. ஒரு பக்கம் பெண்ணின் சித்தப்பா, மறுபக்கம் செல்பேசியை நீட்டிக்கொண்டிருந்த பதினோரு பேர், காலடியில் குத்துவிளக்கு. நடுவில் சிக்கிக்கொண்ட குமுதா, மேசை மேல் வைப்பதுபோல அதைக் காற்றில் வைத்துவிட்டு மற்ற கேமராவை எடுத்தாள். எல்லாரும் தாலியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனித்தவர் தவில்காரர் ஒருவர்தான். அவர் ஒரு அடி தவறவிட்டார்; அந்தக் கல்யாண வீடியோவில் இன்றும் அந்த இடைவெளி கேட்கும். மூன்று முடிச்சும் விழுந்தபின் குமுதா கை நீட்டிக் கேமராவை எடுத்துக்கொண்டாள். பந்தியில் இரண்டாவது தடவை ரசம் வாங்கும்போதுதான் என்ன நடந்தது என்று அவளுக்கே உறைத்தது. ரசத்தைக் குடித்து முடித்துவிட்டு, கரண்டியைக் காற்றில் வைத்துப் பார்த்தாள். நின்றது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் கல்யாணப் புகைப்படக்காரர்கள் சாமான் சுமக்கும் விஷயத்தில் அதுவரை மூன்று கட்சிகளாகப் பிரிந்திருந்தார்கள். இடுப்புவார்க் கட்சியினர் லென்ஸ், ஃபிளாஷ், பேட்டரி எல்லாவற்றையும் பெல்ட்டில் கோத்துக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள்; ரவாங்கில் ஒரு மாப்பிள்ளை அழைப்பில் அந்தப் பெல்ட் கால்சட்டையையும் கூட்டிக்கொண்டு இறங்கிய பிறகு கட்சியின் பலம் குறைந்தது. முதுகுப்பைக் கட்சியினர் திரும்பும்போதெல்லாம் எதையாவது தட்டிவிடுவார்கள். கும்பத்துத் தேங்காய் இரண்டு முறை உருண்டிருக்கிறது, ஐயர் ஒரு முறை. உருளைப்பெட்டிக் கட்சியினர் அத்தைமார்களின் முந்தானைகளைச் சக்கரத்தில் சுருட்டிக்கொண்டு மண்டபம் மண்டபமாகத் திட்டு வாங்கினார்கள். நான்காவது கட்சி ஒன்றும் இருந்தது. அதில் குமுதா ஒருத்திதான் உறுப்பினர். அவள் சாமான்களைக் கணவன் மேல் ஏற்றினாள்.

கணவன் யுகேந்திரன் முன்பு கல்யாணங்களுக்கு நாற்காலியும் கூடாரமும் கொண்டுபோய் இறக்கும் லோரியில் வேலை செய்தவன். அந்தத் தைக்கு ஒன்பது வருடம் முன்னால் ஷா ஆலாமில் ஒரு வீட்டு வாசலில், இவள் பைகளோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து ஒன்றை வாங்கிப் பிடித்தான். பிறகு திருப்பிக் கொடுக்கவேயில்லை. செந்தூலில் ஏழாவது மாடி வீட்டில் குடித்தனம் தொடங்கியதும் அந்தப் பையோடுதான். முதுகில் ஒன்று, நெஞ்சில் ஒன்று, கக்கத்தில் விளக்குக் கம்பங்கள், பல்லிடுக்கில் மெமரி கார்டு உறை என்று அவன் மண்டபத்துக்குள் நுழைந்தால், அகதி யாரோ வருகிறார் என்று நினைத்து ஒருமுறை ஒரு பெரியவர் அவனுக்கு முதல் பந்தியில் இடம் கொடுத்தார். இவ்வளவும் அவன் சுமந்தும், இரண்டு தோளிலும் ஒவ்வொரு கேமரா தொங்கும் ரெட்டைத் தோள்வார் குமுதாவுக்கே மிஞ்சியது. பிரிக்பீல்ட்ஸில் கண் தெரியாத மசாஜ்காரர் ஒருவர் அவள் தோளைத் தொட்டதுமே, "ரெண்டு கேமரா. வலப்பக்கம் பெரிய லென்ஸ். பேட்டரி மட்டமான கம்பெனி" என்றார். முதுகெலும்புத் தட்டு ஒன்று விலகியிருக்கிறது, இன்னும் ஒரு வருடம் இப்படியே சுமந்தால் சுமக்க முதுகே இருக்காது என்று டாக்டர் சொன்னது அந்தத் தை மாதத்துக்கு முந்தைய மார்கழியில்.

ஆகவே கேமரா விழாமல் நின்றதைக் குமுதா அற்புதமாக எடுத்துக்கொள்ளவில்லை, வந்து சேரவேண்டிய ஒரு வசதியாக எடுத்துக்கொண்டாள். விதிகள் சீக்கிரமே பிடிபட்டன. அவள் விட்டது மட்டும்தான் நிற்கும். அவள் விரல் பட்டால் மட்டும்தான் நகரும். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் தொங்கினாலும் அசையாது. மாசிக்குள் மணவறையைச் சுற்றி ஆறு லென்ஸ், மூன்று ஃபிளாஷ், ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு தைலப் புட்டி எல்லாம் கொய்யா மரத்துக் காய்கள்போலத் தொங்க, நடுவில் அவள் வெறுங்கையோடு நடந்தாள். பெண்கள் கைப்பைகளை மாட்டச் சொல்லி வரிசையில் நின்றார்கள். ஆண்கள் செருப்பு திருட்டுப் போகாமலிருக்க செருப்பை மாட்டச் சொன்னார்கள். ஒரு தாத்தா பல்செட்டை நீட்டினார். ஒரு கோயில் நிர்வாகம் மூன்று கூட்டம் போட்டு, கேமரா தொங்கலாம், ஆனால் சாமியின் நெற்றிக்குக் கீழேதான் தொங்கவேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. பூச்சோங்கில் ஒரு மண்டபத்தில் அவள் மறந்துவிட்டு வந்த ஃபிளாஷில் மறுநாள் விருந்துக்கு வந்த நான்கு பேர் நெற்றியை இடித்துக்கொண்டார்கள். காவலாளி அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் பூ கட்டிவிட்டார். செவ்வாய்க்கிழமை அவள் போய்ப் பூவோடு எடுத்துவந்தாள்.

முதுகு நேரானது. யுகேந்திரன்தான் கோணிப்போனான். இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. முதலில் பாக்கெட்டில் வைத்தான், பிறகு பின்னால் கட்டினான், பிறகு வாழையிலையில் வைத்தான். பங்குனி முகூர்த்தங்களில் அவன் தொடர்ந்து மூன்று பந்தியிலும் உட்கார்ந்ததாகச் சமையல்காரர்கள் சொல்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்றும், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றும் நினைத்துக் கும்பிட்டார்கள்.

ஒருநாள் வீடு திரும்பும் வழியில் காரில் அது வெடித்தது.

"பை தூக்க வேணாம், ஸ்டாண்டு தூக்க வேணாம். நான் எதுக்கு லா வரணும்? சாப்பிடவா?"

"சாப்பிடவும் வரலாம்தானே. நல்லாத்தான சாப்பிடுற?" என்றாள் குமுதா. சமாதானமாகத்தான் சொன்னாள்.

 மறுவாரம் அவன் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் போர்க்லிஃப்ட் ஓட்ட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். தூக்குகிற வேலை, அதுவே ஆறுதலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலும் ஷிப்ட் உண்டு என்று சொன்னபோது குமுதா அடுப்பைத் துடைத்துக்கொண்டே "நல்லது" என்றாள். அடுப்பு அதற்கு முன்பே சுத்தமாகத்தான் இருந்தது. அன்று அவள் துணியைக் காற்றில் விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் அது அடுப்புக்கு மேலேயே தொங்கியது. இருவருமே அதைத் தொடவில்லை.

அவன் வேலையில் சேருவதற்கு முந்தைய ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஜெயந்திரனின் அம்மா மீனலோசனி முப்பத்தொரு வருடம் அரசாங்க இலாகாவில் கோப்புகளைத் திருப்பியனுப்பிய யாழ்ப்பாணத்து அம்மாள். தொங்கும் சாமான்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த அவர், முதல் நாளே போன் செய்து சொல்லிவிட்டார்: "என்ர மகன்ட கலியாணத்தில ஒரு சாமானும் ஆகாசத்தில தொங்கக்கூடாது. மனுசர் சுமக்கிறமாதிரிச் சுமந்துகொண்டு வரவேணும். விளங்கிச்சோ?"

குமுதா போனை வைத்துவிட்டு யுகேந்திரனைப் பார்த்தாள். அவன் அதற்குள் அலமாரியிலிருந்து பைகளை இறக்க ஆரம்பித்திருந்தான். மறுநாள் பதினான்கு கிலோவையும் மாட்டிக்கொண்டு, டாக்டர் பேச்சைச் சொல்லிக் குமுதாவின் தோள்வாரையும் ஒரு கேமராவோடு வாங்கித் தன் மேல் போட்டுக்கொண்டு, அவன் மண்டபத்துக்குள் வந்த வரவைப் பார்த்தவர்கள், மாப்பிள்ளைகூட அவ்வளவு மலர்ச்சியாக வரவில்லை என்று சொன்னார்கள்.

முகூர்த்தம் நெருங்கியது. யுகேந்திரன் மணவறை ஓரத்தில் அலுமினிய ஏணி மேல் நின்று விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். செல்பேசியில் வீடியோ எடுக்க இடம் பிடித்த ஒரு ஆன்டி இடுப்பால் ஏணியை நகர்த்தினார், அது ஏணி என்று தெரியாமல். விளக்கு ஒரு பக்கம் போனது, யுகேந்திரன் மறுபக்கம் வந்தான், குப்புற, நேராக அக்கினிக் குண்டத்தைப் பார்த்து. குமுதா இடக்கையை மேலே நீட்டி அவன் முதுகுத் தோள்வாரை எட்டிப் பிடித்தாள். சரியாக அந்த விநாடியில் கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் போய்விட்டது. வாழ்க்கையில் ஒருமுறைதான் நடக்கும் காரியம், ஒருமுறைதான் எடுக்கமுடியும். கேமராவைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். குமுதா கணவனை விட்டுவிட்டுப் படம் எடுத்தாள். யோசிக்க நேரமில்லை என்று அவள் பிறகு சொன்னாள். யோசித்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள் என்று அவன் சொல்கிறான்.

யுகேந்திரன் விழவில்லை. மணமக்களின் தலைக்கு ஒரு முழம் மேலே, குளத்தில் மிதப்பவன்போலக் குப்புறப் படுத்தபடி நின்றான். நெஞ்சில் தொங்கிய கேமரா மூக்குக்கு நேராக இருந்தது. கைக்கு ஒரு வேலை கிடைத்ததும் அவன் அதை அமுக்க ஆரம்பித்தான்.

தவில் ஓய்ந்தது. மண்டபமே மீனலோசனியைப் பார்த்தது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தொங்குகிறவனைக் கால் முதல் தலை வரை வாசித்தார். "சாமான் தொங்கக்கூடாதெண்டுதான் சொன்னனான்," என்றார் கடைசியில். "ஆள் தொங்கிறதைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்ல. ஐயர், மந்திரத்தைச் சொல்லுங்கோ."

"இறக்கிவிடும்மா," என்றான் யுகேந்திரன் குமுதாவிடம் மெதுவாக.

"இரு, அட்சதை முடியட்டும்."

"கனமா இருந்தேனா?"

"தெரியலை. ஒரு செகண்டுதான பிடிச்சேன்?"

கொஞ்ச நேரம் கழித்து, மேலே விழுந்த அட்சதையைத் துப்பிக்கொண்டே அவன், "இங்கேர்ந்து பாத்தா ஒருத்தன் போனும் மறைக்கல, தெரியுமா?" என்றான்.

உண்மைதான். அவன் எடுத்த இருபத்திரண்டு படங்களும் அந்தப் பள்ளத்தாக்கில் செல்பேசிகள் வந்தபின் யாரும் எடுத்திராத படங்கள்: மூன்றாவது முடிச்சு, நாத்தனாரின் விரல்கள், மாப்பிள்ளையின் காதோரம் இறங்கும் வியர்வை, குறுக்கே ஒரு கை கிடையாது. பதினேழாவது படத்தின் மூலையில் குமுதா இருந்தாள். ஒரு கண்ணை மூடி, வாய் லேசாகத் திறந்து, முடி கலைந்து. ஊரார் கல்யாணத்தையெல்லாம் எடுத்தவளை வேலை செய்யும்போது யாரும் எடுத்ததில்லை. வீட்டில் அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கி அவள் நெடுநேரம் பார்த்தாள். "மூஞ்சி எப்படி வெச்சிருக்கேன் பாரு," என்றாள். "ஒன்பது வருசமா அப்படித்தான் வெச்சிருக்க," என்றான் அவன். அழிக்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள்.

ஏன் வேலைக்கு வரவில்லை என்று தொழிற்சாலையிலிருந்து போன் வந்தபோது அவன் காஜாங்கில் ஒரு நலங்கில் தொங்கிக்கொண்டிருந்தான். "சாரி பாஸ், இப்ப கீழ வர முடியாது," என்றான். அவர்களும் மறுபடி கூப்பிடவில்லை. டிரோன் விட அனுமதி வேண்டிய இடங்களில் கணவனை விட அனுமதி வேண்டுமா என்று குமுதா விசாரித்தாள். அப்படி ஒரு படிவம் இல்லை என்றார்கள். ஏணியில் அவனே ஏறிக்கொள்வான், அவள் மணிக்கட்டைப் பிடிப்பாள், அவன் காலை எடுப்பான், அவள் கையை விடுவாள். மற்ற புகைப்படக்காரர்களும் வீட்டில் முயற்சி செய்து பார்த்தார்கள். கைலாசம் என்பவர் இப்போது தொங்காட் தடி ஊன்றி நடக்கிறார்.

ஐந்து வருடத்தில் அவன் முந்நூறு கல்யாணத்துக்கு மேல் தொங்கிவிட்டான். இப்போது யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. போன மாதம் கிள்ளானில் ஒரு வரவேற்பில், மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்கள் வியர்த்து வழிந்து, கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். "தம்பி, அந்த ஆள் ஃபேனை மறைக்கிறாரு. கொஞ்சம் தள்ளி மாட்டச் சொல்லுப்பா." குமுதா வந்து கணவனை விரலால் இரண்டடி இடப்பக்கம் தள்ளி மாட்டினாள். காற்று வந்தது. பெரியவர்கள் பிரியாணியைத் தொடர்ந்தார்கள்.