தாய்மாமன் சீரில் ஒரு பிளாஸ்மா டிவி

தேனிக் கடையில் எல்சிடி, பிளாஸ்மா என இரண்டு டிவிகளும் பக்கத்துப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பவானியின் கண்ணில் படம் ஏறவில்லை. நாத்தனார் சங்கிலியம்மாளின் முகம்தான் தெரிந்தது. மயிலாடும்பாறையில் அவள் மகள் பெரியமனுஷி ஆகியிருந்தாள். "கேம் வெளையாட டிவி வேணும் மாமா" என்று அந்தக் குட்டி போனில் கேட்டதுதான் தாமதம், பவானியின் கணவன் தங்கப்பாண்டியன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். சொந்த வீட்டில் இன்னும் முதுகு பெருத்த பழைய டிவி. அதை மாற்றக் கேட்டால் மட்டும் அடுத்த வருசம் பார்ப்போம் என்பான். தங்கச்சிக்குத் தலைவலி என்றால் இவனுக்குச் சோறு இறங்காது. பவானி காய்ச்சலில் கிடந்த அன்று இதே மனுசன் மறுசோறு வாங்கித் தின்றவன்.

போன் வந்து அவன் வெளியே போன நேரத்தில் கடைக்காரர் சொன்னார். "எல்சிடி சின்னதுதான்க்கா. ஆனா நியூசு, சீரியல்னு தெனம் பாக்க அதுதான் தோது. பிளாஸ்மா பெருசு, கேம்ல கார் பறக்குறது தெளிவாத் தெரியும். ஒரே படம் ரொம்ப நேரம் நின்னா மட்டும் திரையில அழியாத தடம் விழுந்துரும். பாயிண்டு காட்டுற கோடெல்லாம் ஓரத்துலயே நிக்கும்ல, அதான் பயம்."

பவானிக்கு வயிறு குளிர்ந்தது. கணவன் உள்ளே வந்ததும், "பெருசையே எடுங்க. சீர் போறப்ப ஊரு பாக்க வேணாமா?" என்றாள். தடத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

"நீ இப்படிச் சொல்லுவேன்னு நெனைக்கல" என்றான் அவன். கண் கலங்கியிருந்தது. தங்கச்சிக்காகத்தானே கலங்குகிறான் என்று அதுவும் அவளுக்கு எரிந்தது.

மேளம் முன்னால் போக, தலைப்பாகை கட்டிய தங்கப்பாண்டியன் பட்டுச்சேலைத் தட்டோடு நடந்தான். பவானி வாழைப்பழத் தட்டோடு பின்னால் போனாள். டிவியைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. தேர்ந்தெடுத்தவளை ஒருத்தியும் கேட்கவில்லை. அதன்பிறகு நாத்தனாருக்குப் போன் போடும்போதெல்லாம், "பிள்ள கேம் வெளையாடுறாளா? நல்லா வெளையாடட்டும்" என்று சொல்லி வைத்தாள்.

பங்குனித் திருவிழாவுக்கு நாத்தனார் வீட்டுக்குப் போனவள், காப்பியைக்கூட வாங்காமல் டிவி முன்னால் உட்கார்ந்தாள். மருமகள் கேமைப் போட்டாள். கார் வருவதற்கு முன் திரை வெறும் வெள்ளையாக நின்றது. ஓரங்களில் கோடு எதுவும் இல்லை. நடுவில் மங்கலாக ஓர் ஆள், தலைப்பாகையோடு, கையில் தட்டோடு.

"அண்ணனேதான் மதினி" என்றாள் சங்கிலியம்மாள். "சடங்கு வீடியோ சிடியில சீரோட வாசப்படி ஏறுறாகல்ல, அங்கன நிப்பாட்டி வச்சுட்டுத்தான் தெனமும் அடுப்படிக்குப் போவேன். அப்படியே பதிஞ்சிருச்சு."

"கடையில குடுத்து மாத்த வேண்டியதுதான?" என்றாள் பவானி.

"எதுக்கு மாத்தணும்? எங்கண்ணன் இங்கனயே இருக்குற மாதிரி இருக்கு."

பவானி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். அவனுக்குப் பின்னால் தன்னைத் தேடினாள். வாழைப்பழத் தட்டின் விளிம்பு மட்டும் இருந்தது, அதைப் பிடித்த விரல்கள் இருந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அவன் தோள் இருந்தது.

"அத்தை, மறைக்காதீக" என்றாள் மருமகள். ஒரு சிவப்புக் கார் தங்கப்பாண்டியனின் நெஞ்சுக்குள்ளிருந்து புறப்பட்டு ஓடியது.