உதைக்கும் குதிரை

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக் கடையில் வாங்கியபோது அது தலை குனிந்து நின்ற சாதாரண பிளாஸ்டிக் குதிரை. போன வாரமே பியூலா அதன் கழுத்தை வெந்நீரில் இளக்கி நிமிர்த்திவிட்டாள். கடைக்காரனுக்கே அடையாளம் தெரியாதபடி மாற்ற வேண்டும். அதுதான் இணையத்தில் அவள் சேர்ந்திருந்த பொம்மைக் குழுவின் போட்டி. இன்று மாலை ஆறு மணிக்குள் படங்களை அனுப்பியாக வேண்டும். ராஜபாளையத்தில் அவள் வேலை பார்க்கும் பேண்டேஜ் ஆலையின் கழிவு நூல், டீத்தண்ணீரில் ஊறிச் செம்பட்டைப் பிடரியாகத் தொங்கியது. பின்னங்கால் ஒன்றைச் சற்று மடக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தக் காலை வெந்நீரில் வைத்திருந்தபோது கணவன் பெலிக்ஸ் போன் செய்தான். அவன் அக்கா பரிபூரணம் ஜெபக்குழுவோடு வருகிறாளாம். பரப்பி வைத்திருப்பதையெல்லாம் உள்ளே எடுத்து வைக்கச் சொன்னான். போனை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கால் அளவுக்கு மீறி இளகி, தொட்டதும் தொடையோடு கையில் வந்துவிட்டது.

அதைப் பழையபடி ஊன்றி ஒட்டிவிடலாம். நாலு காலில் நிற்கும் குதிரையை யாரும் குறை சொல்லப்போவதில்லை. கல்யாணமானதிலிருந்து அவளும் அப்படித்தான் நிற்கிறாள், குறை சொல்ல இடமில்லாமல். ஆனாலும் சொன்னார்கள்.

எம்-சீல் பசையைப் பிசைந்தாள். காலைப் பின்னால் தூக்கி, காற்றில் வீசி உதைக்கிற மாதிரி ஒட்டினாள். விழாமலிருக்க அடியில் ஒரு டம்ளரை முட்டுக் கொடுத்தாள். ஒட்டிய இடத்தில் பழுப்புச் சாயம் தடவினாள். இனி அதை அசைக்கக் கூடாது.

பரிபூரணம் பலகாரத் தூக்கோடு வந்தாள். பின்னால் நாலைந்து பெண்கள்.

"ஏட்டி பியூலா, பிள்ளையா குட்டியா, இது என்ன வெளையாட்டுச் சாமான்? எடு, தட்டு வைக்கணும்."

சொல்லிக்கொண்டே மேசைக்குக் கை நீட்டினாள். பியூலா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான், மதினியைத் தான் தொட்டுத் தடுத்தது இதுவே முதல் தடவை என்று தெரிந்தது. விடவில்லை.

"காயுது மதினி. தட்டைத் தரையில வச்சுக்கிடலாம்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்கள். ஜெபம் நீண்டது. பிறகு, வருஷா வருஷம் வரும் அந்த வரியும் வந்தது.

"ஆண்டவரே, இந்த மகளோட கர்ப்பத்தைத் திறந்தருளும்."

எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. பியூலா கண்ணைத் திறந்தாள். இத்தனை வருஷமாகத் தன்னிடம் கேட்காமலே தனக்காகக் கேட்கிறார்கள். தனக்கு அது வேண்டுமா என்று அவளே ஒருமுறையும் நின்று யோசித்ததில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? கடிகாரம் ஆறை நெருங்கிக்கொண்டிருந்தது.

எழுந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு டம்ளரை உருவினாள். கால் விழவில்லை. முன்னாலும் பின்னாலும் இரு பக்கமும் படம் எடுத்தாள். ஒவ்வொரு முறையும் போன் கிளிக்கென்றது. ஜெபம் ஒரு கணம் தடுக்கி, மறுபடி ஓடியது. குதிரையைப் பற்றி எழுதக் கேட்டிருந்த இடத்தில், 'பெண் குதிரை, தனியாக நிற்கிறது' என்று எழுதி அனுப்பினாள்.

ஆமென் சொல்லி எழுந்த பரிபூரணம் மேசையருகே வந்து குனிந்து பார்த்தாள்.

"இது என்னட்டி, காலை இப்படி வச்சுக்கிட்டு நிக்கி?"

"உதைக்கும் மதினி," என்றாள் பியூலா. "கிட்ட வராதிய."