பெட்டிக் கம்பெனி சுருங்கிய விதம்

முதலாளிக் குடும்பத்து மூத்தவர் பதினோரு பேரை வேலையை விட்டு அனுப்பிய திங்கட்கிழமை, பெட்டிக் கம்பெனி நீளத்தில் பதினோரு அடி குறைந்தது. செங்கல் ஒன்றும் உதிரவில்லை, எங்கும் விரிசல் விழவில்லை. பின்சுவர் பதினோரு அடி உள்ளே தள்ளி, என்றைக்கும் அங்கேயே இருந்ததுபோல் நின்றது. வரி அலுவலகத்து ஆள் டேப்பை இரண்டு முறை பிடித்துப் பார்த்துவிட்டு, பழைய அளவை அடித்துப் புது அளவை எழுதிக்கொண்டு போனார்.

ஆர்டர் பாதியாகிப்போனது உண்மை. பயணப் பெட்டிகளை வேறெங்கோ மலிவாகச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அங்கிருந்த அறுபது பேருக்கும் போதுமான வேலை இல்லை என்பது, தையல் பிரிவைப் பார்த்துக்கொண்ட மூத்தவரின் தங்கைக்கும் தெரியும். அவள் பல்லைக் கடித்தது வேறு விஷயத்துக்கு. ஆளைக் குறைக்கும்போது மிச்சமிருப்பவர்களின் மனம் விட்டுப்போகக் கூடாது என்று மூத்தவர் ஓர் ஆலோசகரைப் பிடித்து வந்திருந்தார். அவர் 'நாம் ஒரே குடும்பம்' என்று ஆளுயரப் போர்டு மாட்டினார்; காலையில் எல்லோரும் வட்டமாக நின்று கைதட்ட வேண்டும் என்றார். தட்டினார்கள். மறுவாரம் பதினோரு பெயர்கள் கேட்டில் ஒட்டப்பட்டிருந்தன. இருபத்தாறு வருஷம் பெட்டிகளுக்கு ரிவெட் ஆணி அடித்தவர், சாப்பாட்டுப் பையும் கையுமாக நின்று தன் பெயரைப் படித்தார். உள்ளே போய்த் தன் சுத்தியலை எடுத்துக்கொள்ளக்கூட வாட்ச்மேன் விடவில்லை.

அடுத்த மாதம் ஒன்பது பேர், ஒன்பது அடி. சாப்பாட்டு அறை அதோடு போயிற்று. முழங்கையோடு முழங்கை இடிக்கக் கைதட்டல் மட்டும் நடந்தது. மூத்தவரின் ஆபீஸ் இருந்த மாடியோ ஓர் அங்குலமும் குறையாமல், கீழே தாங்கச் சுவரில்லாமல், இருபது அடிக்கு அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. மூத்தவரின் மகன்கள் இருவரும் மாதம் ஒருநாள் அங்கே வந்து சம்பளம் வாங்கிப் போனார்கள். கீழே யாரும் வாய் திறக்கவில்லை. பக்கத்து ஆளின் தையல் கோணினாலும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். கைப்பிடி தலைகீழாக வைத்த நாற்பது பெட்டிகள் பத்துப் பேர் கையைத் தாண்டிக் கடைக்குப் போய், போன வேகத்தில் திரும்பி வந்தன.

மூன்றாவது பட்டியலைத் தங்கையிடம் ஒட்டக் கொடுத்தார்கள். பதினைந்து பெயர். அவள் நாலாகக் கிழித்தாள். மெஷின்களை நிறுத்தச் சொல்லி, வெட்டு மேஜையில் ஏறி, கையிலிருக்கும் ஆர்டர் எவ்வளவு, அது எத்தனை பேருக்குத் தாங்கும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். முதலில் போவது அண்ணன் மகன்கள், பிறகு கொள்முதல் பார்க்கிறேன் என்று செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்த தன் கணவர், பிறகு ஆலோசகர். அப்படியானால் இங்கிருந்து ஆறு பேர் போனால் போதும் என்றாள்.

மூத்தவர் படி தடதடக்க இறங்கி வந்தார். "வீட்டு விஷயத்த நாலு பேர் முன்னாடி பேசாத."

"குடும்பம்னு போர்டு மாட்டினது நீங்கதாண்ணா. அப்ப இவங்களும் வீட்டாளுங்கதான். கேக்கட்டும்."

அந்த ஆறு பேரிடமும் அவளே உட்கார்ந்து பேசினாள். வேறு பட்டறைகளில் ஏறி இறங்கி நான்கு பேருக்கு இடம் பிடித்தாள். இரண்டு பேருக்கு முடியவில்லை. ரிவெட்டுக்காரரின் வீட்டுக்குச் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய், தப்பு எங்களுடையது என்றாள். அவர் வாங்கிக்கொண்டார்.

"நீங்க வந்தது சரிம்மா. ஆனா என் கோவம் என்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அந்த ஆறு பேர் போன அன்று பின்சுவர் நகரவில்லை. மறுநாள் காலையில் மாடி இல்லை. மூத்தவரின் மேஜையும் நாற்காலியும் கீழே, தையல் மெஷின்களுக்கு நடுவில், பீரோ அகலத்துக்கு ஓர் அறையில் இருந்தன. உட்கார்ந்தால் முட்டி வெளியே நீட்டிக்கொண்டது, கதவு சாத்தவில்லை. கொத்தனார் வந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, சுவர் நேராகத்தான் இருக்கிறது, இடிக்க என்ன இருக்கிறது என்று போய்விட்டார். மூத்தவர் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. பிறகு பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. அவர் எது சொன்னாலும் முப்பத்துநாலு பேர் காதிலும் விழும். இப்போதெல்லாம் அவர் போனில் ஆர்டர் பேசும்போது, யாராவது தையலிலிருந்து தலை தூக்காமலே, "அந்தத் தேதிக்கு முடியாது, நாலு நாள் கூடக் கேளுங்க" என்பார்கள். அவரும் கேட்பார்.