ஆறாவது போல்ட்

எட்டு வருடமாக நாத்தனார் தன் காரை ஊரின் அந்தக் கோடியில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில்தான் விட்டுக்கொண்டிருந்தார். சொந்தத் தம்பி பெண்டாட்டி மெக்கானிக். வீட்டுக்குக் கீழேயே ஷெட். இருந்தும் அந்தக் கார் இந்த வாசலைத் தாண்டும்போது ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போகும். மெக்கானிக்குக்கு ஒவ்வொரு முறையும் வயிறு எரியும்.

போன வாரம் கார் முதன்முறையாக உள்ளே வந்தது. அறுபது வயதுக் கார். முன்பக்கத்திலிருந்து டப் டப் என்று சத்தம்.

"அந்த மெக்கானிக் ஒர்க்‌ஷாப்ப மூடிட்டாரு. வேற வழியில்ல, அதான் இங்க வந்தேன்" என்றார் நாத்தனார். அவர் பல் டாக்டர். வலிக்குமென்றால் வலிக்கும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவர்.

இந்த ஒரு வேலை சரியாக அமைந்தால் கார் இனி இங்கேதான். கோட்டைவிட்டால் மறுபடி ஹாரன்தான். மெக்கானிக்குக்கு அது நன்றாகத் தெரியும்.

கோளாறு சின்னதுதான். இன்ஜின் புகையை வாங்கி சைலன்சருக்கு அனுப்பும் மேனிஃபோல்டு என்ற இரும்புக் குழாய் இறுக்கமாக உட்காராமல் கசிந்துகொண்டிருந்தது. ஆறு போல்ட்டையும் கழற்றி, கசிவை அடைக்கும் புது கேஸ்கட் வைத்து மூட வேண்டும். ஆனால் அத்தனை வருடம் சூட்டில் வெந்து துருவேறிய போல்ட்டுகள் சொன்ன பேச்சைக் கேட்குமா? இரண்டு நாள் எண்ணெயில் ஊறவைத்து, சூடு காட்டி, கெஞ்சிக் கூத்தாடியதில் ஐந்து வந்துவிட்டன. ஆறாவது மட்டும் தலையை ஸ்பானரில் கொடுத்துவிட்டு, உடம்பை இன்ஜினுக்குள்ளேயே வைத்துக்கொண்டது.

வழக்கமாக இப்படி உடைந்தால் அவள் அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருப்புவாள். பெரும்பாலும் வந்துவிடும். ஆனால் வெல்டிங் பொறி தெறித்தால் பெயின்டில் கறை விழும். நாத்தனார் குனிந்து பார்த்து, இதென்ன புள்ளி என்பார். அந்தப் புள்ளிக்குப் பயந்து, போல்ட்டின் நடுவில் துளை போட்டு ஈஸி அவுட்டைத் திருகினாள். துளைக்குள் கவ்விக்கொண்டு போல்ட்டை வெளியே இழுத்துவரும் கருவி அது. அந்தப் பெயரை வைத்தவர் ஒருநாளும் அதைக் கையில் எடுத்திருக்க மாட்டார்.

டிக் என்று ஒரு சத்தம். ஈஸி அவுட்டும் உள்ளேயே உடைந்துவிட்டது.

அந்த இரும்பின் கடினத்துக்கு ட்ரில் வழுக்கும்; வழுக்கினால் துளையைச் சுற்றியுள்ள சுவரைத் தின்னும். அப்புறம் இன்ஜின் ஹெட்டையே தூக்கிப்போட வேண்டியதுதான். வேறு ஹெட் வாங்கலாமென்றால், காரைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை.

ஸ்பேர் பார்ட்ஸ் கணக்கைக் கவனிக்கும் கணவன் வந்து எட்டிப் பார்த்தான்.

"இதுக்குப் போய் ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிற? போல்ட் தலைய மட்டும் பேஸ்ட் வச்சு ஒட்டிடு. மத்த அஞ்சும் பிடிச்சுக்கும். அக்காவுக்கு எங்க தெரியப் போகுது?"

அவன் சொன்னது நடக்கக்கூடியதுதான், அதுதான் வேதனை. ஆறு மாதத்துக்குச் சத்தமே வராது. அவள் பேஸ்ட் டியூபைத் திறந்தும்விட்டாள். பிதுக்கத்தான் கை வரவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் மூடி வைத்தாள்.

"அண்ணி, வண்டிய இன்னிக்குத் தர முடியாது" என்றாள் ஒரே மூச்சில். "ஒரு போல்ட் உடைஞ்சுடுச்சு. அது வண்டியோட வயசு. ஆனா அத எடுக்கப் போய், ஈஸி அவுட்ட உள்ள உடைச்சது நான். வெல்டிங் வச்சிருக்கணும். கறை விழுந்தா நீங்க என்ன சொல்வீங்களோன்னு பயந்துட்டேன்."

கணவன் தலையில் கைவைத்துக்கொண்டான். நாத்தனார் கைப்பையிலிருந்து நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியை எடுத்து, இன்ஜினுக்குள் நுழைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். நோயாளியாக இருந்தால் வாயை இன்னும் திற என்றிருப்பார்.

"எங்களுக்கும் இது நடக்கும்" என்றார் கடைசியில். "பல்லு வேர சுத்தம் பண்ற ஊசி சில சமயம் உள்ளயே உடைஞ்சு நின்னுக்கும். பல்லக் குடையற முனை, வைரப் பொடி ஒட்டின குட்டி பர் இருக்கு, இரும்பையும் தேய்க்கும். நாளைக்குக் கொண்டுவரேன், உன் சின்ன கிரைண்டர்ல மாட்டிக்கோ. சுவர்ல படாம, கொஞ்சம் கொஞ்சமா."

"ஊசி உடைஞ்சா பேஷன்ட்கிட்ட என்ன சொல்வீங்க அண்ணி?"

"அன்னிக்கே சொல்லிடணும். நானும் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்." கண்ணாடியைத் துணியால் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒரே ஒருத்தன்கிட்டதான் சொல்லல."

பிறகு தம்பியைப் பார்த்தார். "டேய், கீழ வலது பக்கம், கடைசிக்கு முந்தின கடவாப்பல்லு. ஆறு வருஷமாச்சு. வலி ஒண்ணும் இல்லல்ல?"

அவன் கன்னத்துக்குள் நாக்கு மேலும் கீழும் அலைந்தது. "உள்ளயே இருக்கா?"

"மூணு மில்லிமீட்டர்தான். மேல நல்லா அடைச்சிருக்கேன், ஒண்ணும் ஆகாது. கோபமா?"

ஒட்டி மூடச் சொன்ன வாயால் கோபப்பட முடியாமல் அவன் திருதிருவென்று விழித்தான். மெக்கானிக்குக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரேடியேட்டர் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

நாத்தனார் கார் சாவியை வளையத்திலிருந்து கழற்றி அவள் கையில் வைத்தார்.

"அவசரமில்ல, நான் நடந்தே போறேன். அப்படியே பிரேக்கையும் பாத்துடு. ரொம்ப நாளா இழுக்குது, உன்கிட்ட காட்டணும்னு இருந்தேன்."