கசப்பு இறங்காதவள்

எங்கள் ஊரில் ஒருவனிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாம். பெண்டாட்டியோடு ஏன் சண்டை என்றுகூடக் கேட்கலாம். கசப்பு மதுவுக்கு ஊறப்போடுகிற ஜென்ஸியானா வேரை எந்த மலைச்சரிவில் தோண்டினாய் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் கத்தியெல்லாம் எடுக்கமாட்டார்கள்; அதற்குப் பிறகு உங்களோடு சீட்டாட யாரும் வரமாட்டார்கள், அவ்வளவுதான். என் புருஷன் பான்ஃபிலோ பாதிரியாரிடம் எல்லாப் பாவத்தையும் சொல்லிவிடுவார், அந்த இடத்தைச் சொல்லமாட்டார். இலை இருக்கும்போது போனால் அடுத்தவன் பின்னாலேயே வந்து பார்த்துவிடுவானாம். அதனால் இலையெல்லாம் காய்ந்து விழுந்தபிறகு, மயெல்லா மலையில் மூடுபனி இறங்கும் நாளாகப் பார்த்து, தனியாகக் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்.

நான் கடற்கரைக்காரி. பெயர் யோலாண்டா. முதிர்ந்த வயதில் இந்த மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். எங்கள் பக்கத்தில் சாப்பாடு முடிந்தால் காப்பியில் சோம்புச் சாராயம் ஒரு சொட்டு விடுவோம், தித்திப்பாக இருக்கும். இங்கே எதற்கெடுத்தாலும் அந்த வேரின் கசப்பு. ஒரு காலத்தில் மடத்துத் துறவிகள் காய்ச்சலுக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் கரண்டி அளவில் கொடுத்த மருந்து அது. பிறகு மருந்துக்கடைக்காரர்கள் சீசாவில் அடைத்து விற்றார்கள். அப்புறம் எவனோ ஒரு புண்ணியவான் சர்க்கரையைக் கொட்டி விருந்து மேசைக்குக் கொண்டுவந்துவிட்டான். தாடி வைத்த துறவி படம் ஒட்டி மதுக்கடையில் விற்கிற அமாரோ என்ற கசப்பு மதுவை என் புருஷன் சாயம் போட்ட சர்க்கரைத் தண்ணீர் என்பார். எங்கள் வீட்டில் அவரே வேரை நறுக்கி, வெள்ளை ஒயினில் ஊறப்போட்டு, சாராயமும் சர்க்கரையும் சேர்த்து, வடிகட்டி, தன் கையாலேயே ஊற்றிக் கொடுப்பார். வீட்டுக்காரன் ஊற்றியதை ஒரே மூச்சில் குடித்து ஆகா என்று சொல்லவேண்டும். வேண்டாம் என்றால் அந்த வீட்டையே வேண்டாம் என்ற மாதிரி.

அது முதலில் மண் வாசனையாக இருக்கும், அப்புறம் கொஞ்சம் ஆரஞ்சுத் தோல். அதற்குப் பிறகு தொண்டையில் உட்கார்ந்த கசப்பு எழுந்து போகவே போகாது. கொழுத்த ஆட்டிறைச்சி தின்றவர்களுக்கு அது வயிற்றைத் திறந்துவிடுமாம். என் தொண்டை அதைக் கண்டாலே மூடிக்கொள்ளும். கல்யாணமான நாளிலிருந்து நான் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு, யாரும் பார்க்காத நேரத்தில் ஜன்னலோரப் பூந்தொட்டியில் கவிழ்த்துவிடுவேன். செடி நன்றாகத்தான் வளர்ந்தது.

அந்த வருஷத்துப் புது சீசாவைத் திறந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேர். நான், என் புருஷன், அவருடைய அக்கா எர்சிலியா, எர்சிலியாவின் வீட்டுக்காரர் நுன்சியோ. நுன்சியோ ஒரே மடக்காகக் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"என்ன மாப்ளே, நாக்கு மரத்துப்போற மாதிரி இருக்கு?"

"புது எடம் அத்தான். இன்னும் மேல. அந்தக் கசப்பெல்லாம் உங்க ஊர்க்காரனுக்குக் கெடைக்காது."

"எந்தப் பக்கம்?"

"சாப்பிட்டீங்கள்ல, பேசாம இருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் காப்பிக்குத் தண்ணீர் வைக்கிற சாக்கில் எழுந்து, என் கிண்ணத்தைத் தொட்டியில் சாய்த்தேன். திரும்பினால் எர்சிலியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காப்பி கொதிப்பதற்குள் நுன்சியோ வாந்தியெடுக்க ஆரம்பித்தார். அடுத்து எர்சிலியா, அப்புறம் என் புருஷன். மூவரும் வெளுத்துப்போய்த் தரையில் கிடந்தார்கள். நுன்சியோவின் நாடியைத் தொட்டுப்பார்த்தேன், விட்டு விட்டு எங்கேயோ தூரத்தில் அடித்தது. நான் செருப்புகூடப் போடாமல் பனியில் ஓடி, பக்கத்து வீட்டுக்காரனைக் காரோடு கூட்டிவந்தேன். மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். எர்சிலியா கண்ணைத் திறந்து, "காளான்" என்றாள். நாங்கள் காளானே சாப்பிடவில்லை. வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்பதற்காக அவள் சொன்ன பொய் அது. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான்கு பேரில் நான் ஒருத்தி மட்டும் கல்லு மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

மூவரும் பிழைத்து வீடு வந்தார்கள். வந்த அன்றே எர்சிலியா மிச்சமிருந்த சீசாவை எடுத்துத் தன் சால்வைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அண்ணி, அத எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"என் பீரோவுல வெச்சுப் பூட்டப் போறேன். ஏன், உனக்கு வேணுமா? அன்னைக்குத்தான் வேணாம்னு செடிக்கு ஊத்துனியே."

"எனக்குக் கசப்பு எறங்காது அண்ணி. சத்தியமா அதுக்குத்தான்."

"இத்தனை வருஷமா ஆகா ஆகான்னு சொன்னியே, அப்ப எறங்குச்சா?"

ஒரு பொய்யைக் கண்டுபிடித்தவளுக்கு மற்றதெல்லாம் பொய்யாகத்தான் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ரொட்டிக்கடையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றது. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, "வீடு அவ பேருக்கா எழுதியிருக்கு?" என்று என் காதில் விழும்படியே கேட்டாள். திருநாளுக்கு நான் சுட்டுக்கொடுத்த பிஸ்கட்டைப் பக்கத்து வீட்டுக்காரி கோழிக்குப் போட்டதை என் கண்ணாலேயே பார்த்தேன். கோழி செத்துவிடுமா என்று அவள் அங்கேயே நின்று பார்த்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஊர் கிடக்கட்டும், என் புருஷன் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னார். எர்சிலியா வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தபோது, போர்வையைப் போர்த்தியபடி வந்து, சாவதானமாகச் சொன்னார்.

"விடுக்கா. போனது போகட்டும். நான் அவளை மன்னிச்சுட்டேன். அந்த சீசாவைக் கொண்டுபோய்ச் சாக்கடைல கொட்டு."

தெருவில் நின்றவர்கள் இவரல்லவோ மனுஷன் என்று தலையாட்டினார்கள். என்னை மன்னித்துவிட்டாராம்! நான் செய்யாத குற்றத்தை ஊரறிய என் தலையில் கட்டிவிட்டு, பெரிய மனுஷன் பட்டத்தையும் வாங்கிக்கொண்டு, போர்வையோடு உள்ளே போய்விட்டார். அன்றைக்குத்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. செத்துப் பிழைத்தவனுக்குக் கோபமல்லவா வரவேண்டும்? சீசாவைக் கொட்டச் சொல்ல இந்த மனுஷனுக்கு என்ன அவசரம்?

நான் யோசித்தேன். ஒயின் தினமும் குடிக்கிற ஒயின். சாராயம் பழையது, போன வருஷம் மிஞ்சியது. சர்க்கரையைத்தான் நான் காப்பிக்குப் போடுகிறேன். அப்படியானால் மிச்சம் வேர்தான். வேரை நறுக்கி மீதியை அவர் எப்போதும் பரண்மேல் துணியில் உலர்த்தி வைப்பார். ஏறிப் பார்த்தேன். துணிகூட இல்லை.

"ஏங்க, பரண்ல இருந்த வேர் எங்க?"

"ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"உனக்கெதுக்கு அதெல்லாம்?"

பாதிரியாருக்கே ஒரு துண்டு கொடுக்காத மனுஷன்! அவர் வெளியே போனதும் மறுபடி ஏறி, பெட்டிகளை நகர்த்திப் பெருக்கினேன். பெட்டிக்கு அடியில் ஒரே ஒரு துண்டு கிடந்தது. உடைத்துப் பார்த்தேன். ஜென்ஸியானா வேர் உள்ளே பசுமஞ்சள் மாதிரி இருக்கும், அது கடற்கரைக்காரி எனக்கே தெரியும். இது உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது.

இந்த மலையில் குழந்தைகளுக்கு நடக்கச் சொல்லிக்கொடுக்கும்போதே அதையும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஜென்ஸியானாவுக்கு இலை எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும். பக்கத்திலேயே வளரும் பொய்வேருக்கு மாறி மாறி ஒவ்வொன்றாக இருக்கும். அது விஷம். இலையைப் பார்த்தால் குருடன்கூடத் தடவிச் சொல்லிவிடுவான். இலை விழுந்தபிறகு, மூடுபனியில், எவன் கண்ணிலும் படாமல் தோண்டப் போனால்? யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கியது பெரிய தப்பில்லை. வேரின் வெள்ளையை நறுக்கும்போதே பார்க்காமலிருந்தாரா, பார்த்தும் புது இடத்து வேர் இப்படித்தான் என்று பெருமையில் கண்ணை மூடிக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பரணைத் துடைத்தெடுத்தாரே, அப்போது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் என்னை மன்னித்திருக்கிறார்.

அந்தத் துண்டை எர்சிலியாவிடம் காட்டியிருக்கலாம். நீயே கொண்டுவந்து போட்டுவிட்டு நாடகமாடுகிறாயா என்பாள். அதுவும் போக, அது அவர் வாயிலிருந்து வரவேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். அன்று சூப் ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"உங்களுக்கு எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

அவர் கரண்டியை வாயில் வைத்து யோசித்தார். "உப்புக் கம்மி," என்றார்.

சனிக்கிழமை எர்சிலியா வந்து தீர்ப்புச் சொன்னாள். நாளைக்குச் சாப்பாட்டுக்கு வருவாளாம், சீசாவும் வருமாம். நான் உண்மையை ஒத்துக்கொண்டு என் கடற்கரைக்கே போய்விடவேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை சீசா போலீஸ் கையில் இருக்கும்.

"அவரு இன்னும் மாடிப்படி ஏற முடியாம மூச்சு வாங்குறாரு," என்றாள் நுன்சியோவைப் பற்றி. குரல் உடைந்தது. "அவருக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்னடி பண்ணியிருப்பேன்?"

அந்த நிமிஷம் அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டை யாரும் சரியாகத் தொடவில்லை. தட்டுகளை எடுத்ததும் எர்சிலியா சீசாவை மேசை நடுவில் வைத்தாள். என் புருஷன் உடனே கையை நீட்டினார்.

"இதென்னக்கா அசிங்கம்? கொட்டித் தொலைன்னு சொன்னேன்ல? நான்தான் மன்னிச்சுட்டேன்னு..."

"கைய எடுங்க," என்றேன்.

சீசாவை நானே எடுத்து, ஒரு கிண்ணம் நிறைய ஊற்றினேன். இந்த வீட்டில் ஒரு பெண் ஊற்றியது அதுதான் முதல் தடவை. நிறம் என்னவோ அழகாகத்தான் இருந்தது.

"ஒத்துக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல அண்ணி. இதுல விஷம் இருக்குன்னு நீங்க சொல்றீங்க. விஷம் வெச்சவ குடிப்பாளா? இன்னைக்கு நான் குடிக்கறேன். இது குடிக்கக் கூடாததுன்னு தெரிஞ்சவங்க யாராவது இருந்தா, இப்பவே சொல்லிடுங்க."

கடைசி வார்த்தையை என் புருஷனைப் பார்த்துச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. முகத்தில் ரத்தம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். கிண்ணத்தை மெதுவாகத் தூக்கினேன். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை போதும், ஒரு இருமல்கூடப் போதும். கிண்ணம் நெஞ்சுக்கு வந்தது. அவர் மேசைமேல் கிடந்த ரொட்டித் தூளை விரலால் ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தார். கிண்ணம் வாய்க்கு வந்தது. அவர் தூளைக் குவித்துக்கொண்டே இருந்தார். எனக்கு அப்போது உயிர்மேல் ஆசை விட்டுப்போயிற்று, மறைப்பானேன். விளிம்பில் உதடு பட்டது, வாயைத் திறந்தேன்.

ஒரு கை என் மணிக்கட்டில் விழுந்த அடியில் கிண்ணம் சுவரில் போய் உடைந்தது.

எர்சிலியா. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, மேசைமேல் பாதி உடம்போடு பாய்ந்து வந்திருக்கிறாள்.

"பைத்தியக்காரி! நெசமாவே குடிக்கப் போறியா? துப்புடி! துப்பு!" தன் சால்வை நுனியால் என் உதட்டை அழுத்தித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தவள், சட்டென்று நிறுத்தித் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன்டா பான்ஃபிலோ," என்றாள். குரல் தணிந்திருந்தது. "இவ வெச்சான்னு நெனச்ச நானே எந்திரிச்சு வந்தேன். நீ ஏன்டா எந்திரிக்கல?"

நுன்சியோ மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"என் வேரு தப்பாப் போச்சுன்னு தெரிஞ்சா," என்றார் என் புருஷன், ரொட்டித் தூளைப் பார்த்தபடியே, "ஊர்ல என் பேரு என்னாகும்கா?"

எர்சிலியா தன் சால்வையைக் கழற்றி என் தோளில் போட்டாள்.

"கெளம்பு," என்றாள் என்னிடம். "எங்க வீட்டுக்குப் போவோம்."